மாமா வயிற்றில் ஒன்பது முடிச்சு

"இந்தக் கை இருக்கே... இது கத்துக்கிட்டு வந்த கை இல்ல. ஆபரேஷன் தெரிஞ்சே பொறந்த கை!"

சீஃப் தன் வலது கையை உயர்த்திக் காட்டினார்.

காலை ரவுண்ட்ஸுக்குக் கூடியிருந்த டாக்டர்கள் அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் எல்லாம் இப்போது எமர்ஜென்சி வார்டில் நிரந்தரமாக இருந்தார்கள். டாக்டராகத்தான்.

சீஃப் என்றால் அந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற பச்சை ரப்பர் செருப்பு. பெற்ற மகள் கல்யாணத்துக்கே அந்தச் செருப்போடுதான் மேடை ஏறினார் என்று கேள்வி.

"சர்ஜனுக்குப் பயிற்சிக் கூடமாம்! ஒரு ரப்பர் பொம்மையை வெச்சுக்கிட்டு வெட்டறதும் தைக்கறதும்... அது என்ன காலேஜா, டெய்லர் கடையா? அன்னைக்குப் பாக்கறேன், ஒரு பையன் நாற்காலிக் கைப்பிடில நூலைச் சுத்தி முடிச்சுப் போட்டுட்டு இருக்கான். நாற்காலிக்கு என்னய்யா வியாதி?"

டாக்டர்கள் தலையை ஆட்டினார்கள்.

"இப்ப புரொஃபஸர்களும் வந்து பழகணுமாம்! நான் அந்த ரூம் வாசல்படிய மிதிச்சதில்ல. மிதிக்கவும் மாட்டேன்! சர்ஜன்ங்கறவன்..."

சர்ஜன் என்பவன் யார் என்று உலகத்துக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஏனென்றால் அந்த நொடியில்தான் தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து அந்த அலறல் கேட்டது.

"ஐயோ...! மாமாவக் கொன்னுட்டாங்க...!"

*

அலறியவன் கொட்டாவி.

முதுநிலை மாணவன். மூன்று மாதத் தூக்கம் பாக்கி. வாயைத் திறந்தால் கொட்டாவி மட்டுமே வரும் என்பதால் அந்தப் பெயர். இன்று முதல்முறையாக வேறு சத்தம் வந்திருந்தது.

பயிற்சிக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. நடுவில் ஆபரேஷன் மேஜை. மேஜை மேல் வெள்ளைத் துணி போர்த்திய உடல். துணி முழுக்கச் சிவப்பு. மேஜை விளிம்பிலிருந்து...

சொட்... சொட்... சொட்...

தரையில் ஒரு சிவப்புக் குளம்!

பதற வேண்டாம்.

மாமாவுக்கு உயிர் கிடையாது. தயாரான நாளிலிருந்தே கிடையாது.

ரப்பர் தோல். ரப்பர் குடல். ரப்பர் ஈரல். உடம்பு முழுக்க ஓடும் குழாய்களில் ஒரு சின்ன பம்ப் சிவப்புச் சாயத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மாணவர்கள் அவர் வயிற்றைக் கிழித்து, தைத்து, மறுபடி கிழித்துப் பழகுவார்கள். எத்தனை முறை கிழித்தாலும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்த முகமாகக் கிடக்கிற உறவு வேறு எது? அதனால்தான் மாமா.

பயிற்சிக் கூடத்தை நடத்தும் மேடம் கையில் ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். அவரும் சர்ஜன்தான். ஒரு காலத்தில் சீஃபின் மாணவி.

"என்னடா ஆச்சு?"

"மேடம்... மாமா போயிட்டாரு மேடம்..."

"அழாதடா. ரப்பர்டா அது."

"உங்களுக்கு ரப்பர் மேடம். எனக்கு, ஆறு மாசமா என்னைத் திட்டாத ஒரே ஆள்!"

மேடம் துணியை விலக்கினார். முகம் வெளுத்தது.

உள்ளே எங்கோ பம்ப் குழாய் அறுபட்டிருந்தது. அதுவும் இன்றைக்குப் பார்த்து!

இன்று மதியம் ஆய்வுக் குழு வருகிறது. பயிற்சிக் கூடம் நீடிக்குமா, இழுத்து மூடப்படுமா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். மேடத்தின் பல வருட ஆராய்ச்சி இந்த ஒரே அறையில்தான் இருந்தது. மாமாவிடம் பழகிவிட்டு தியேட்டருக்குப் போன மாணவர்கள் கை பதறாமல் வேலை செய்கிறார்கள் என்று ஏற்கெனவே நிரூபித்துவிட்டார். ஆனால் போன முறை வந்த குழு ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தது.

'மாணவர்களுக்குச் சரி. அனுபவசாலிப் பேராசிரியர்களுக்கும் பயிற்சி தேவை என்கிறீர்களே, ஆதாரம் எங்கே?'

மேடம் ஒவ்வொரு பேராசிரியராகப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. அறிவிப்புப் பலகையில் பெயர் எழுதச் சொன்னார். ஒரே ஒரு பெயர் விழுந்தது.

'மாமா.'

ஆதாரம் இல்லையென்றால் இந்த அறை மீட்டிங் ஹால் ஆகிவிடும். சீஃப் ஏற்கெனவே ஆள் அனுப்பி சோபாவுக்கு அளவெடுத்துவிட்டார்.

"யாரும் எதையும் தொடக் கூடாது!"

கர்ஜித்துக்கொண்டே உள்ளே நுழைந்து, எல்லாவற்றையும் தொட்டார் சிஐடி.

*

சிஐடி நிஜ சிஐடி இல்லை. செக்யூரிட்டி சூப்பர்வைசர். ஆனால் கேண்டீனில் சட்னி தீர்ந்துபோனாலே அதன் பின்னணியில் ஒரு கும்பலைக் கண்டுபிடிக்கக் கூடியவர்.

விரலால் சிவப்பைத் தொட்டார். நாக்கில் வைத்தார்.

"இனிக்குதே! பாதிக்கப்பட்டவருக்கு சுகர்!"

"அண்ணே, அது சாயத் தண்ணி. போன வாரம் கலக்கினது. வாயைக் கொப்புளிங்க" என்றார் மேடம்.

சிஐடி கொப்புளித்துவிட்டு வந்தார். கம்பீரம் குறையவில்லை.

"பூட்டு உடையல. அப்ப சாவி வெச்சிருக்கிற ஆள்தான். தம்பி, சாவி உன்கிட்டத்தானே?"

கொட்டாவி இரண்டடி பின்வாங்கினான்.

"என்கிட்ட ஒண்ணு, மேடம்கிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு! அதுவும் மாமாவ நான் ஏன்ணே..."

"ஏய்... ரெண்டு பேரும் சும்மா இருங்க!"

மேடத்தின் குரல் மாறியிருந்தது. மாமாவின் வயிற்றுக்கு அருகில் குனிந்திருந்தார்.

"அண்ணே, இங்க பாருங்க. வயித்த வெட்டியிருக்காங்க. ஆனா..."

"ஆனா?"

"திரும்பத் தைச்சிருக்காங்க!"

சிஐடியின் மீசை துடித்தது.

"கொலைகாரன் தையல் போட்டுட்டுப் போயிருக்கானா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு மரியாதை தெரிஞ்ச கொலைகாரன நான் பாத்ததில்ல மேடம்!"

நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து தொப்புளைத் தாண்டி இறங்கும் ஒரு வெட்டு. அதன் மேல் வரிசையாக ஒன்பது முடிச்சு.

மேடம் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"வெட்டு பிரமாதம். ஒரே இழுப்பு. தயக்கமே இல்ல. ஸ்கேல் வெச்சு கோடு போட்டாக்கூட இவ்வளவு நேரா வராது."

"சரி..."

"முடிச்சு கண்ராவி! ஒரு சுத்து வலது பக்கம் போட்டா அடுத்த சுத்த இடது பக்கம் போடணும். அப்பதான் பூட்டிக்கும். இங்க ஒரே பக்கமா போட்டிருக்காங்க. இழுத்தா வழுக்கிட்டு வந்துடும். வழுக்கின இடத்துல எல்லாம் சாயம் கசிஞ்சிருக்கு பாருங்க. முதல் வருஷப் பசங்ககூட இப்படிப் போட மாட்டாங்க."

சிஐடி சொடக்குப் போட்டார்.

"கேஸ் முடிஞ்சுது! ரெண்டு பேர் மேடம்! வெட்டினவன் கில்லாடி. தைச்சவன் கத்துக்குட்டி. கூட்டுச் சதி! தம்பி, உன் கூட்டாளி யாரு?"

"அண்ணே! நான் இப்படி முடிச்சுப் போட்டிருந்தா மேடம் அந்த நூலாலயே என்னைக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்கண்ணே!"

"இது இவன் கை இல்ல" என்றார் மேடம், லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் பசங்க ஒவ்வொருத்தன் முடிச்சும் எனக்குத் தெரியும். கையெழுத்து மாதிரி. இது நான் சொல்லிக் கொடுத்த கையே இல்ல."

"அப்ப யாரு?"

"அதான் யோசிக்கிறேன்..."

வாசலில் பச்சை ரப்பர் செருப்பு கிறீச்சிட்டது.

*

சீஃப் உள்ளே வரவில்லை. சொன்ன சொல் தவறாதவர். வாசல்படிக்கு வெளியே நின்று கழுத்தை மட்டும் உள்ளே அனுப்பினார்.

"என்னம்மா, பொம்மைக்கு உடம்பு சரியில்லையாமே? ஐசியூல பெட் போடச் சொல்லட்டுமா?"

"யாரோ உள்ள வந்து வெட்டியிருக்காங்க சார்."

"வேற யாரு? உன் அருமை மாணவங்கதான். இதோ நிக்கிறானே, தூங்குமூஞ்சி! டேய், நீ சஸ்பெண்ட்!"

கொட்டாவிக்குக் கொட்டாவி வந்தது. பயத்திலும் வரும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

"சார், அவன் இல்ல சார். முடிச்சப் பாத்தீங்களா?"

சீஃப் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"தூ! எந்தக் கழுதை போட்ட முடிச்சு இது? இவனெல்லாம் சர்ஜரி பக்கமே வரக் கூடாது!" என்றார் படு உக்கிரமாக. தேவைக்கு மேலேயே உக்கிரமாக. "ஆனா ஒண்ணும்மா. தப்பு பையன் மேல மட்டும் இல்ல. உங்க மாமாவுக்குத் தோல் ரொம்ப மெலிசு. கத்திய வெச்ச உடனே உள்ள எறங்கிடுது! நிஜ மனுஷனுக்கு அப்படியா இருக்கும்? குழாய் அறுபடாம என்ன பண்ணும்?"

மேடத்தின் கையிலிருந்த லென்ஸ் அப்படியே நின்றது.

"ரொம்ப மெலிசா சார்?"

"பின்ன? காகிதம் மாதிரி! சரி, குழு வந்தா இந்த பொம்மைக்கு ஒரு இரங்கல் கூட்டம் நடத்திட்டு சாவியக் குடுத்துடு. சோபா ரெடி."

கிறீச்... கிறீச்... கிறீச்... செருப்பு போய்விட்டது.

சிஐடி காதருகே வந்து கிசுகிசுத்தார்.

"மேடம், மோட்டிவ் கெடைச்சாச்சு. சோபா! ரூமப் பிடிக்க சீஃபே ஆளை வெச்சு முடிச்சுட்டாரு!"

"ரூமுக்காக வெட்டினவர் அப்படியே போட்டுட்டுப் போக வேண்டியதுதானேண்ணே? எதுக்காக உக்காந்து ஒன்பது முடிச்சு போடணும்?"

சிஐடி யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் நெற்றி வியர்த்தது.

மேடம் கொட்டாவியின் பக்கம் திரும்பினார்.

"மாமாவோட பழைய தோல் எப்படிடா இருக்கும்?"

"லாரி டயர் மாதிரி இருக்கும் மேடம். வெட்டறதுக்குள்ள கை வலிச்சுடும்."

"மெலிசான புதுத் தோல எப்ப மாட்டினோம்?"

"நேத்து சாயங்காலம். நீங்களும் நானும்தான். மாட்டிட்டுப் பூட்டிட்டுக் கெளம்பிட்டோம்..."

கொட்டாவி நிறுத்தினான். அவன் வாய் திறந்தது. மூட மறந்துபோனது.

"மேடம்... அப்ப தோல் மெலிசுன்னு சீஃபுக்கு எப்படி..."

"வாய மூடுடா" என்றார் மேடம் மெதுவாக. "கத்திரிக்கோல எடு. இந்த வயித்துத் தோல முடிச்சு கலையாம அப்படியே கழட்டணும்."

*

பச்சைத் துணியில் சுற்றிய பொட்டலம் சீஃபின் மேஜை மேல் உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது, சாப்பாடா?"

"மாமா வயிறு சார்."

சீஃப் பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

"இத ஏன் என்கிட்ட..."

"உங்க கையெழுத்து இருக்கே சார் இதுல. இந்த மாதிரி ஒரே இழுப்புல வெட்டறதுக்கு இந்த ஊர்ல ஒரே ஒரு கைதான் இருக்கு. எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கை."

"உளறாத! அந்த முடிச்சப் பாத்தியா? அது என் முடிச்சா?"

"நீங்க கடைசியா எப்ப சார் முடிச்சு போட்டீங்க?"

பேப்பர் வெயிட் நின்றது.

எந்த தியேட்டருக்கும் ஒரு வழக்கம் உண்டு. பெரிய சர்ஜன் வயிற்றைத் திறப்பார். உள்ளே உள்ள சிக்கலான வேலையை முடிப்பார். பிறகு கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

'மூடிடுங்கப்பா.'

அதோடு அவர் காபி குடிக்கப் போய்விடுவார். தைப்பது எல்லாம் ஜூனியர்கள் வேலை. சீஃப் அந்த வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தபோது மேடம்தான் ஜூனியர். இன்று அவருக்கே தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

சீஃப் கதவைப் பார்த்தார். சாத்தியிருந்தது. குரல் இறங்கியது.

"போன வாரம் ஒரு கேஸ். ஜூனியருக்கு திடீர்னு தலை சுத்தி உக்காந்துட்டான். சரி, நானே மூடறேன்னு நூல எடுத்தேன்..."

"ம்..."

"முடிச்சு வழுக்கிட்டு வந்துடுச்சும்மா. திரும்பப் போட்டேன். திரும்பவும் வழுக்குது. சிஸ்டர் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. பாக்காத மாதிரி! அதுதான் தாங்கல. பக்கத்து தியேட்டர்லேர்ந்து ஆளக் கூப்பிட்டு மூட வேண்டியதாப் போச்சு. பேஷண்ட் நல்லா இருக்காரு. நான்தான் நல்லா இல்ல."

மேடம் பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"விடியற்காலைல யாரும் இருக்க மாட்டாங்கன்னு ஆபீஸ் சாவிய எடுத்துட்டுப் போனேன். டயர் மாதிரித் தோல்னு பசங்க புலம்புவாங்களே, அதை நெனைச்சு அழுத்திட்டேன். உள்ள குழாய் போச்சு. ஒரே ரத்தம்! பம்ப் ஸ்விட்ச் எங்க இருக்குன்னே தெரியல..."

"அப்படியே கெளம்பியிருக்கலாமே சார்?"

சீஃப் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"வயித்தத் திறந்து போட்டுட்டு எப்படிம்மா போறது?"



டிரிங்... டிரிங்...!

மேஜை மேல் போன். சீஃப் எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"குழு வந்துடுச்சு. முன்னாடியே வந்துட்டாங்க." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொல்லிடப் போறியா?"

"கொட்டாவிய சஸ்பெண்ட் பண்ணியிருக்கீங்களே சார்?"

"வாபஸ்! இப்பவே வாபஸ்!"

"சந்தோஷம். இன்னும் ஒண்ணே ஒண்ணு உங்ககிட்ட கேக்கணும் சார்."

மேடம் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டி, குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

மகப்பேறு வார்டில் இரட்டைக் குழந்தை என்று சொன்னவுடன் அப்பாக்களின் முகம் போகுமே... சீஃபின் முகம் அப்படிப் போனது!

*

பயிற்சிக் கூடம். குழுவினர் நாற்காலிகளில். வயிறு இல்லாத மாமா மேஜையில். கடைசி வரிசையில், வாசல்படியைத் தாண்டி முதல்முறையாக உள்ளே... இல்லை, அதிகாரபூர்வமாக முதல்முறையாக உள்ளே உட்கார்ந்திருந்த சீஃப்.

குழுத் தலைவி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி அனுப்பியது போன்ற முகம்.

"போன தடவை ஒரு ஆதாரம் கேட்டிருந்தோம்."

"இதோ மேடம்" என்றார் நம் மேடம்.

பச்சைத் துணி பிரிந்தது. வெட்டும் ஒன்பது முடிச்சும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன.

"ஒரு மூத்த சர்ஜன். பெரிய அனுபவசாலி. வெட்டப் பாத்தாலே தெரியும். ஆனா ரொம்ப வருஷமா தையல் போடல. பெரியவங்க யாருமே போடறதில்லையே! முதல் முடிச்ச நீங்களே இழுத்துப் பாருங்க."

தலைவி இழுத்தார். நூல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

கடைசி வரிசையில் ஒரு பச்சைச் செருப்பு நெளிந்தது.

"இப்ப இதுக்கு அடுத்தது."

வந்தது.

"நடுவுல இருக்கிறது."

இறுக்கமாக இருந்தது. பலமாக இழுத்ததும் வந்தது.

"இப்ப கடைசி முடிச்சு மேடம். ஒன்பதாவது."

தலைவி இழுத்தார். வரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். ரப்பர் தோல்தான் இழுபட்டது. முடிச்சு அசையவில்லை!

சீஃபின் கழுத்து தானாக நீண்டது. இதை அவரே இப்போதுதான் பார்க்கிறார்.

"யாரும் கூட இல்ல. யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒன்பதாவது முடிச்சுக்குள்ளயே மறந்துபோன கை திரும்பி வந்துடுச்சு" என்றார் மேடம். "இந்த முடிச்ச எனக்குத் தெரியும். நான் கத்துக்கிட்ட முடிச்சே இதுதான். வாரத்துக்கு ஒரு தடவை இந்த ரூமுக்கு வந்தாங்கன்னா, அந்தக் கை எங்கயும் போகாது. மேடம், இந்த ரூம் வேணுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க."



தலைவி கண்ணாடியை மேலே ஏற்றினார்.

"யார் அந்த சர்ஜன்?"

"ஆராய்ச்சியில கலந்துக்கிட்டவங்க பேர வெளிய சொல்லக் கூடாது மேடம். அதுதான் விதி."

"விதி எனக்கும் தெரியும். கலந்துக்கிட்டவர் சம்மதம் குடுத்தாரா? அதுவும் விதிதான்."

மேடம் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தார்.

சீஃபின் அறையில் குனிந்து கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வந்திருக்கவில்லை.

"க்கும்!"

கடைசி வரிசையில் இருமல்.

"குடுத்துட்டாருன்னு... கேள்விப்பட்டேன்" என்றார் சீஃப்.

"கேள்விப்பட்டீங்களா?"

"ரொம்ப நல்ல மனுஷன். எனக்கு வேண்டப்பட்டவர்."

தலைவி சீஃபைப் பார்த்தார். சீஃபின் கையைப் பார்த்தார். கை சட்டென்று கோட்டுப் பைக்குள் ஒளிந்துகொண்டது. சுட்டு விரல் நகத்தோரம் சிவப்புச் சாயம் இன்னும் போகவில்லை.

தலைவியின் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

"அந்த நல்ல மனுஷன வாரா வாரம் வரச் சொல்லுங்க. சோபாவ வேற எங்கயாவது போடுங்க."

*

சாயங்காலம்.

மாமாவுக்குப் புதுக் குழாய் மாட்டியாயிற்று. கொட்டாவி அவர் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

சிஐடி மட்டும் தூங்கவில்லை. அவருக்கு இன்னும் இரண்டு பேர் பாக்கி. கில்லாடி ஒருவன், கத்துக்குட்டி ஒருவன். இருவரையும் ஒரே நேரத்தில் அமுக்கும் திட்டத்தோடு மாடி மாடியாக ரோந்து போனார்.

சீஃபின் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

எட்டிப் பார்த்தார்.

சீஃப் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அவருடைய நாற்காலி. அதன் கைப்பிடியில் நூல். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"வலது மேல இடது... இடது மேல வலது... சீ, திரும்பவும் அதே பக்கம்..."

"சார்! என்ன சார் பண்றீங்க?"

சீஃப் துள்ளிக் குதித்தார். நூலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். காலை முன்னால் நீட்டினார்.

"பாத்தா தெரியல? ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கேன்யா! போய் வேலையப் பாரு!"

"சாரி சார்!"

சிஐடி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு, கொலையாளிகளைத் தேடிக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறினார்.

பச்சை ரப்பர் செருப்புக்கு லேஸ் கிடையாது என்பது அவருக்கு வீடு போய்ச் சேரும்வரை உறைக்கவே இல்லை!